மோட்டாரின் இடது கண்

மனித முகத்தில் கண் எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் தொல்லையைப் பிரம்மதேவன் தானே ஏற்றுக்கொண்டு விட்டான். மோட்டார் வண்டியின் விஷயத்தில் அந்தத் தொல்லை மனிதர் தலையில் விழுந்திருக்கிறது. சென்ற இரண்டு மாதமாக நமது தலையில் விழுந்திருந்தது.

நமது வண்டிக்கு நேர்ந்த ஆபத்து என்னவோ அற்பமானதுதான். கடைத் தெருவில் சாதுவாக நின்றுகொண்டிருந்தபோது சரக்கு ஆட்டோ ஒன்று பின்னோக்கி வந்து, நம் வண்டியின் மூக்கை முகர்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று. இடது முன்விளக்கின் கண்ணாடி விரிந்தது. கண்ணாடி என்று சொல்வது பழக்க தோஷம். இந்தக் காலத்து வண்டிகளில் அது பாலிகார்பனேட் என்னும் ஒருவகைப் பிளாஸ்டிக். அருகிலிருந்த ஒரு பட்டறையில் புது விளக்கு மாட்டிப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். விளக்கைச் சுற்றி இடைவெளி ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் இருப்பதைச் சுட்டிக் காட்டினோம். "கேப் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், சார்! அழகு விஷயம்தானே?" என்றார் பட்டறைக்காரர். அழகு விஷயத்தில் யாரோடும் வழக்காடும் யோக்கியதை நமக்கு எந்த நாளிலும் இருந்ததில்லை. ஆகையால் பேசாமல் வந்துவிட்டோம்.

வீட்டு அம்மாள் அவ்வளவு எளிதில் விடவில்லை. ஒரு தபால் கார்டை எடுத்து வந்து பரீட்சை செய்தாள். விளக்குக்கும் பானெட்டுக்கும் நடுவே கார்டு நுழையவில்லை. விளக்குக்கும் நடுவிலுள்ள கிராதிக்கும் இடையே வைத்துப் பார்த்த பத்து ரூபாய் நாணயமோ, நிற்கவே நிற்காமல் உள்ளே விழுந்து மறைந்தது. "பத்து ரூபாய் போயிற்று. இன்னும் என்னென்ன போகுமோ, பாருங்கள்!" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டு இரவில் திரும்பிக்கொண்டிருந்தோம். எதிரே வந்த லாரிகள் நம்மைப் பார்த்துக் கண் சிமிட்டிக்கொண்டே போயின. நாம் விளக்கைத் தாழ்த்தித்தான் வைத்திருந்தோம்; லாரிக்காரர்களின் முன்கோபம் என்று எண்ணினோம். பிறகு ஒரு சைக்கிள் வந்தது. ஓட்டியவர் ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். மறுகணம் சைக்கிள் தார் ரோட்டை விட்டு இறங்கி மண்ணில் சரிந்தது. பின் காரியரில் ஒரு சிறு பெண் இருந்தாள். தெய்வாதீனமாக இருவருக்கும் முழங்கையில் சிராய்ப்பைத் தவிர வேறில்லை. "எதிரில் ஒண்ணும் தெரியலைங்க!" என்றார் அந்த மனிதர். கோபித்துக்கொண்டிருந்தால் கூட நமக்கு அவ்வளவு வருத்தம் இருந்திராது.

மறுநாள் காலையில் நமக்குப் பல வருஷங்களாகத் தெரிந்த டிங்கர் மேஸ்திரி ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் விளக்கைத் தொடவே இல்லை! முதலில் கதவுக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தார். பிறகு மட்கார்டுக்கும் பானெட்டுக்கும் உள்ளதைப் பார்த்தார். பானெட்டைத் திறந்து, முன்புறம் குறுக்கே ஓடும் இரும்புத் தகட்டை விரலால் தடவினார். "விளக்கு நல்லாத்தான் இருக்கு, சார். அது உட்கார்ந்திருக்கிற வீடுதான் சாய்ஞ்சிருக்கு" என்றார்.

இதை நேயர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். மோட்டார் தோன்றிய நாளில் விளக்குகள் தனியே கம்பத்தில் நின்றன. இடைவெளி என்ற பிரச்னையே கிடையாது. அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ கம்பெனியார்தான் விளக்கை மட்கார்டுக்குள்ளேயே பொருத்தும் முறைக்கு 1914-ல் காப்புரிமை பெற்றார்கள். பிற்பாடு எல்லாக் கம்பெனிகளும் விளக்கை உடலுக்குள் குடியேற்றிவிட்டன. 2014-ம் வருஷம் வரையில் உத்தரபாடாவில் தயாரான நமது அம்பாஸடரில் கூட, சுமார் 7 அங்குல வட்ட விளக்கு மட்கார்டின் முனையில்தான் இருந்தது. ஆனால் அது சௌகரியமான ஏற்பாடு. மட்கார்டில் ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள் விளக்கு, வெளியே பளபளக்கும் வளையம். வளையம் சற்றுக் கோணினாலும் உள்ளேயிருக்கும் விளக்கைத் திருகாணியால் நேராக்கிவிடலாம். இப்போதைய வண்டியிலோ கிண்ணம், விளக்கு, வளையம் மூன்றும் ஒரே பெட்டி. அந்தப் பெட்டிக்கு மூன்று அல்லது நான்கு காதுகள். ஒரு காது மட்கார்டிலும், மற்றொன்று மேற்சொன்ன குறுக்குத் தகட்டிலும், இன்னொன்று பம்பரின் பின்னாலும் மாட்டியிருக்கும். எந்த வீடு சாய்ந்தாலும் பெட்டியும் கூடச் சாயும்.

ஆட்டோ இடித்ததில் குறுக்குத் தகட்டின் இடது பாகம் பின்னால் போயிருந்தது. அதனால் விளக்கின் மேல்முனையும் பின்னால் போய், முகம் ஆகாயத்தை நோக்கி நிமிர்ந்துவிட்டது. எவ்வளவு என்கிறீர்கள்? பெட்டியின் மேல் காதுக்கும் கீழ்க் காதுக்கும் 20 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். மேல் காது வெறும் மூன்றரை மில்லிமீட்டர் பின்னால் போனால் விளக்கு ஒரு பாகை நிமிரும். தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள விளக்கு, பத்து மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் வீதம் தாழ்ந்து போக வேண்டும். அப்படிப் போனால் அதன் வெளிச்சம் 70 மீட்டரில் தரையைத் தொட்டு முடிந்துவிடும். ஒரு பாகை நிமிர்ந்தாலோ, தாழ்வதற்குப் பதிலாக ஏற ஆரம்பித்து, 100 மீட்டர் தூரத்தில் சுமார் 145 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். சைக்கிளில் உட்கார்ந்த மனிதரின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தானே இருக்கிறது? கணக்குப் போட்ட காகிதத்தை நாம் இரண்டு தடவை சரி பார்த்தோம். மூன்றாம் தடவை பார்க்க மனம் வரவில்லை.

"திருகாணியைத் திருப்பி வெளிச்சத்தைத் தாழ்த்திவிட்டால் ஆகாதா?" என்று மேஸ்திரியைக் கேட்டோம். தாழ்த்தலாமாம். ஆனால் நம் நாட்டில் இடது பக்கமாகப் போவதால், தாழ்த்திய வெளிச்சத்தின் இடது ஓரம் மட்டும் சற்று உயர்ந்திருக்கும். ஓரத்தில் நடப்பவர்கள் தெரிவதற்காக அந்த ஏற்பாடு. பெட்டியே முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் இந்த உயரமும் தாழ்வும் இடம் மாறிப்போகும். மேலும் கீழும் திருப்பத் திருகாணி உண்டு. முறுக்கலை எடுக்கத் திருகாணி கிடையாது.

முந்தைய பட்டறையில் செய்த காரியம் பம்பரைக் கழற்றியதும் வெளிப்பட்டது. காது பொருந்தவில்லை என்று அதன் துவாரத்தை அரத்தால் ராவிப் பெரிதாக்கி, பெரிய வாஷர் ஒன்றை வைத்து இறுக்கியிருந்தார்கள். பல்லக்கு கோணலாக இருந்தால் மாப்பிள்ளையின் கழுத்தை ஒடித்துச் சரிசெய்வார்களோ!

மேஸ்திரி நூலும் அளவு நாடாவும் எடுத்து இரு பக்கமும் குறுக்களவு பார்த்தார். பிறகு, சங்கிலியும் மரக்கட்டையும் கொண்டு தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்கு இழுத்தார். இரும்புக்குத் திரும்பிப் போகும் குணம் உண்டாகையால், வேண்டியதற்கு ஒரு நூல் அதிகமாகவே இழுத்து விட்டார். தகடு தன் இடத்துக்கு வந்ததும் மட்கார்டைக் கதவோடும், பானெட்டை மட்கார்டோடும் சேர்த்தார். அதற்கப்புறம்தான் விளக்கின் முறை. எல்லாப் போல்ட்டுகளையும் விரலால் மட்டும் முடுக்கி, பானெட்டை மெதுவாக, மிக மெதுவாக இறக்கினார். வேகமாக இறக்கினால் விளக்கின் முகத்திலேயே மோதிவிடும் என்று பையனை எச்சரித்தார். இடைவெளியில் ஒரே கனமுள்ள அட்டைத் துண்டுகளைச் செருகி, ஒரு போல்ட்டுக்கு அரைச் சுற்று, எதிர்ப் போல்ட்டுக்கு அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்கினார். ஒரே போல்ட்டை முழுவதும் இறுக்கினால் விளக்கு அதன் பின்னாலேயே போய்விடுமாம். அட்டையை உருவிப் பார்த்தார். ஒரு பக்கம் பிடித்தது. எல்லாவற்றையும் தளர்த்தி முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாவது தடவைதான் திருப்தி உண்டாயிற்று. பம்பர் கடைசியில் ஏறியது.

அத்துடன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். "இருங்க சார், சாயங்காலம் ஆகட்டும்!" என்று தடுத்துவிட்டார். இருட்டியதும் சக்கரங்களின் காற்றைச் சரிபார்த்து, சமதரையில் சுவரிலிருந்து பத்து மீட்டர் தூரத்தில் வண்டியை நிறுத்தி, நம்மை ஆசனத்தில் உட்காரச் சொன்னார். வண்டி ஓட்டுகிறவரின் பாரமும் கணக்கில் சேர வேண்டுமாம். சுவரில் விளக்கின் உயரத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு. அதற்குப் பத்து சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. திருகாணியை இப்போதுதான் தொட்டார். வெளிச்சத்தின் மேல் விளிம்பு மெள்ள இறங்கிக் கீழ்க் கோட்டில் வந்து உட்கார்ந்தது.

கூலியோடு இன்னும் ஒரு தொகை சேர்த்துக் கொடுத்தோம். மேஸ்திரி அதை எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வேறு பையிலிருந்து எதையோ தேடி எடுத்து நம்மிடம் நீட்டினார். பம்பருக்குள் கிடந்த பத்து ரூபாய்!

அன்றிரவு வீட்டு அம்மாள் மறுபடியும் தபால் கார்டுடன் வாசலுக்கு வந்தாள். இடது பக்கம் கார்டு எங்கும் ஒரே மாதிரி நுழைந்தது. பிறகு வலது பக்கத்துக்குப் போனாள். "இங்கே கொஞ்சம் பிடிக்கிறதே?" என்றாள்.

அது கம்பெனியிலிருந்து வரும்போதே அப்படித்தான் என்று மேஸ்திரி நம்மிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.