லாச்சப்பலுக்குச் செய்தி சொல்வது யார்?

2026 ஜனவரி 1ஆம் திகதியிலிருந்து பிரான்சில் வதிவிட அனுமதிக்கான மொழி விதி மாறிவிட்டது. பல வருட கார்ட்டுக்குப் பொதுவாக ஏ2, பத்து வருட கார்ட்டை முதல் தடவை எடுக்க பி1, குடியுரிமைக்கு பி2. இது திடீரென்று வந்த விதி இல்லை. 2024 ஜனவரியில் வந்த குடிவரவுச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. விளக்கிச் சொல்ல இரண்டு வருடம் இருந்தது.

ஆனால் லாச்சப்பலில் சனம் இதை அறிந்தது வட்ஸ்அப் குரல்பதிவுகளில்தான். "பத்து வருட கார்ட் வைச்சிருக்கிற எல்லாரும் சோதினை எழுத வேணுமாம்", "வயது போனவையையும் விடமாட்டாங்களாம்." இரண்டுமே பிழை. கையில் இருக்கும் பத்து வருட கார்ட்டைப் புதுப்பிக்க இந்த மொழிச் சோதனை இல்லை. 65 வயதைக் கடந்தவர் அந்தக் கார்ட்டை முதல் தடவை கேட்டாலும் விலக்கு உண்டு. இந்த இரண்டு வரியைத் தமிழில், நம்பக்கூடிய குரலில் சொல்ல இந்த நாட்டின் பொது ஊடகங்களில் ஒருவரும் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் "நான் அலுவல் பார்த்துத் தாறன்" என்று காசு வாங்குபவர்கள் பிழைக்கிறார்கள்.

பொது ஒலிபரப்பு நாங்கள் காசு கொடுக்காத சாமான் இல்லை. 2022இல் எடுபடும் வரை ரி.வி. வைத்திருந்த வீடுகளில் பெரும்பாலானவை கட்டணம் கட்டின, கடைசியாக அது வருடம் 138 யூரோ. அந்தக் கட்டணம் எடுபட்ட பிறகு பெறுமதி சேர் வரியின் ஒரு பங்கு பொது ஊடகங்களுக்குப் போகிறது. கய் வீதியில் முருங்கைக்காய் வாங்குபவரும் அதற்குப் பங்களிக்கிறார்.

பதிலுக்கு எங்களுக்கு என்ன கிடைக்கிறது? ஆர்.எஃப்.ஐ. வானொலி வியட்நாமியம், கெமர், பாரசீகம் உட்படப் பல மொழிகளில் பேசுகிறது. தமிழ் இல்லை. குடியேறியவர்களுக்கென்றே 2017இல் பிரான்ஸ் மெதியா மோந்த், ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல, இத்தாலியின் ஆன்சா மூன்றும் சேர்ந்து இன்ஃபோமைக்ரண்ட்ஸ் தளத்தைத் தொடங்கின. ஐரோப்பிய ஒன்றியம் காசு கொடுக்கிறது. பின்னர் அங்கே வங்காள மொழியும் வந்துவிட்டது. தமிழ் இன்னும் வரவில்லை. டொய்ச்ச வெல்ல யூரியூப்பில் தமிழில் பேசுகிறதுதான், ஆனால் அது இந்தியப் பார்வையாளரை நோக்கி. பிரெஞ்சுக் கமராக்களுக்கு நாங்கள் பெரும்பாலும் மாணிக்க விநாயகர் தேர் நாளில்தான் தெரிகிறோம். அதுவும் தேங்காய் உடைக்கிற படமாக.

எங்கட மூத்த தலைமுறைக்குப் பொது ஒலிபரப்பு என்றால் என்ன என்று சொல்லித்தரத் தேவையில்லை. 1941இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசை 2017 ஏப்ரல் 30 வரை வானொலியில் ஒலித்தது. யுத்த காலத்தில் அதைக் கேட்டுத் திட்டியவர்களும் அடுத்த நாள் அதைத்தான் திரும்பக் கேட்டார்கள். பிரிட்டன் அதை எங்கள் மீதான அன்பால் நடத்தவில்லை, தன் தேவைக்காக நடத்தியது. தேவை இருக்கிறது என்று காட்டினால் அரசுகள் தமிழிலும் பேசும்.

பாரிசில் எங்கட ஆட்களே நடத்திய வானொலிகளும், 2007 வரை ஒளிபரப்பான ரி.ரி.என். தொலைக்காட்சியும் இருந்தன. அவை ஊரை எங்கள் வீட்டுக்குள் கொண்டு வந்தன. ஆனால் அங்கத்தைச் செய்திக்கு இருந்த இடம் இங்கத்தைச் செய்திக்குக் கிடைக்கவில்லை. இன்று ஒரு கைத்தொலைபேசி இருந்தால் ஆளுக்கொரு சனல் தொடங்கலாம். ஒலிபரப்பக் காசு தேவையில்லை. விசாரித்து, சரிபார்த்துச் சொல்லத்தான் காசு வேணும். பொது ஊடகத்தோடு கூட்டுச் சேர வேண்டிய இடம் அதுதான்.

"பிரான்சில் இருந்தால் பிரெஞ்சைப் படிக்கட்டும்" என்று எங்களுக்குள்ளேயே சொல்பவர்கள் உண்டு. படிக்கத்தான் வேணும். ஆனால் காலை பத்து மணிக்கு உணவகக் குசினிக்குள் போய் நள்ளிரவில் வெளியே வருபவருக்கு, படிக்கச் சொல்லும் விதியே முதலில் போய்ச் சேர வேண்டாமா? அவுஸ்திரேலியா இதை 1975இலேயே விளங்கிக்கொண்டது. மெடிபாங்க் என்ற புதிய மருத்துவக் காப்புறுதியைக் குடியேறியவர்களுக்கு அவர்களின் மொழிகளில் சொல்லவே சிட்னியிலும் மெல்பேர்னிலும் இரண்டு வானொலிகள் தொடங்கின. அதிலிருந்து வளர்ந்ததுதான் எஸ்.பி.எஸ். அங்கே இன்றும் தமிழ் ஒலிக்கிறது. ஒவ்வொரு குடிசன மதிப்பீட்டுக்குப் பிறகும் எந்த மொழிகள் தேவை என்று மீளாய்வு செய்கிறார்கள். பிரான்சின் குடிசன மதிப்பீடு வீட்டு மொழியைக் கேட்பதில்லை. அதனால் எங்கட தொகையை அரசு எண்ணிச் சொல்லாது, நாங்கள்தான் போய் நிற்க வேணும்.

என்ன கேட்கலாம்? முதலாவது, இன்ஃபோமைக்ரண்ட்ஸில் தமிழ்ப் பக்கம். இரண்டாவது, ஆர்.எஃப்.ஐ. ஒவ்வொரு நாளும் இலகு பிரெஞ்சில் பத்து நிமிடச் செய்தியை எழுத்து வடிவத்தோடு தருகிறது. அதற்குத் தமிழ்க் குறிப்பு எழுத தமிழ்ச்சோலையில் படித்து வளர்ந்த பிள்ளைகளால் முடியும். மகள் எழுதிய குறிப்போடு தகப்பன் பி1க்குப் படிக்கலாம். மூன்றாவது, சங்க வானொலிகள். பாரிசில் 106.3 அலைவரிசையில் ஃப்ரெகோன்ஸ் பாரி ப்ளூரியல் குடியேறியவர்களுக்கு ஒலிவாங்கியைக் கொடுத்து வருகிறது. வருமானத்தில் விளம்பரம் இருபது வீதத்துக்குக் கீழே இருக்கும் இப்படியான வானொலிகளுக்கு அரச நிதி உண்டு. 2024 இலையுதிர்காலத்தில் அந்த நிதியை வெட்டப் பார்த்தார்கள். எதிர்ப்பு எழுந்ததும் அந்த முறை பின்வாங்கினார்கள். அழுத பிள்ளைக்குத்தான் பால்.

கூட்டு என்றால் எங்களுக்கும் கடமை உண்டு. பிழை விட்டால் திருத்தம் சொல்ல வேணும். பிடிக்காதவரின் பக்கத்தையும் கேட்க வேணும். எந்த அமைப்பின் ஊதுகுழலாகவும் மாறக்கூடாது. வேலை செய்கிற இளையவர்களுக்குச் சம்பளம் வேணும், "சமூகத்துக்குச் செய்யுங்கோ தம்பி" என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

இங்கே பிறந்து வளர்ந்த தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பிரெஞ்சுப் பொது ஊடகங்களில் நேயர்களின் கடிதத்தை வாங்கிப் பதில் சொல்வதற்கென்றே மெதியத்தர் என்று ஒருவர் இருக்கிறார். அம்மா அப்பாவின் கார்ட் அலுவலுக்கு எத்தனை கடிதம் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். அதே பிரெஞ்சில் அவருக்கும் ஒன்று எழுதுங்கள்: நாங்களும் உங்கள் நேயர்கள்தான், எங்களோடு எப்போது பேசப்போகிறீர்கள்?