பூங்கா இடம் கைக்கு வராமல் மனைப்பிரிவுக்குக் கையெழுத்து வேண்டாம்

ஜெயங்கொண்டம் சிப்காட்டில் தைவான் நிறுவனத்தின் காலணி ஆலைக்கு 2024 நவம்பர் 15-ஆம் தேதி முதல்வர் மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். 1,000 கோடி ரூபாய் முதலீடு, 15,000 பேருக்கு வேலை என்பது அரசின் அறிவிப்பு. பிழைப்புக்காகப் பிள்ளைகளைத் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் அனுப்பிய அரியலூர் மாவட்டத்துக்கு இது நல்ல செய்தி. ஆனால் ஆலையில் சங்கு ஊதுவதற்கு முன்பே அக்கம்பக்கத்தில் மனை வியாபாரம் சூடு பிடித்துவிடும். ஆண்டிமடம் வட்டாரமும் வரதராஜன்பேட்டை பேரூராட்சியும் இப்போதே விழித்துக்கொள்ள வேண்டும்.

மனைப்பிரிவு எப்படிப் பிறக்கிறது என்பதை இந்தப் பகுதி மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முந்திரி மரங்களை ஜேசிபி வேரோடு பெயர்க்கும். செம்மண்ணைச் சமன் செய்து, கிராவல் கொட்டி, சுண்ணாம்பு அடித்த கல் ஊன்றுவார்கள். நுழைவாயிலில் வளைவு ஒன்று எழும்பும். மழைக்காலத்தில் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோன ஓடை, புல வரைபடத்தில் கோடாக இருக்கும். தரையில் தேடினால் கிடைக்காது. வீடு கட்டிக் குடிவந்த பிறகு முதல் பெருமழையில்தான் அது தன் வழியைக் கேட்டு வரும்.

சட்டம் இல்லாமல் இல்லை. முழுமைத் திட்டத்துக்குள் வராத பகுதியில் விளைநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற, 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-அ பிரிவுப்படி உள்ளாட்சியின் அனுமதியும் இயக்குநரின் இசைவும் வேண்டும். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக எஞ்சும் பரப்பில் பத்தில் ஒரு பங்கைப் பொது ஒதுக்கீடாக விட வேண்டும் என்பது 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் அதற்குப் பதிலாகப் பணம் கட்டித் தப்ப முடியாது. சாலையும் இப்படி ஒதுக்கிய பூங்கா இடமும் தானப் பத்திரம் மூலம் பேரூராட்சியின் பெயருக்கு வர வேண்டும். நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபி தருவது தொழில்நுட்ப ஒப்புதல்தான். இறுதிக் கையெழுத்து உள்ளாட்சியுடையது. ஆகவே 'எல்லாம் மேலே முடிவாகிவிட்டது' என்று செயல் அலுவலரோ மன்றமோ கைவிரிக்க இடமில்லை.

ஓட்டை இருப்பது நடைமுறையில். மூவாயிரம் சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 74 சென்ட். மூன்று ஏக்கர் தோப்பை ஐந்து பெயரில் துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் அந்த அளவுக்குள் அடக்கிவிட்டால், பூங்காவுக்கு ஒரு சென்ட்கூட விடாமல் விற்றுத் தீர்க்கலாம். பக்கத்துப் பக்கத்துச் சர்வே எண்களுக்கு அடுத்தடுத்து விண்ணப்பம் வந்தால் அவற்றை ஒரே மனைப்பிரிவாகக் கருதித்தான் மன்றம் பரிசீலிக்க வேண்டும்.

கண்டிப்பு காட்டினால் மனை விலை ஏறும், ஏழைக்கு வீடு எட்டாது என்பார்கள். அங்கீகாரமற்ற மனையால் அடிபட்டவர்கள் யார்? சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9-ஆம் தேதி அத்தகைய மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தபோது, விற்றவர்கள் பணத்தோடு போய்விட்டிருந்தார்கள். நகையை அடகு வைத்து ஒரு மனை வாங்கியவர்தான் விற்கவும் முடியாமல், வங்கிக் கடனும் கிடைக்காமல் தவித்தார். 2016 அக்டோபர் 20 வரை உருவான மனைகளுக்காக 2017 மே மாதம் வரன்முறைத் திட்டம் வந்தது. அதற்கு விண்ணப்பிக்கும் காலக்கெடு திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. ஒவ்வொரு நீட்டிப்பும் அடுத்த விதிமீறலுக்குக் கொடுத்த தைரியம். வரன்முறைக் கட்டணம் கட்டியதால் எந்தத் தெருவும் அகலமாகிவிடவில்லை.

நிலத்தின் மேல் அவசர முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதை இந்த மாவட்டம் அனுபவித்திருக்கிறது. ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காகத் தொண்ணூறுகளில் நிலம் எடுக்கப்பட்டது. திட்டம் வரவே இல்லை. கால் நூற்றாண்டு கழித்து, நிலத்தை உரியவர்களிடமே திருப்பித் தர அரசு முடிவு செய்தது. நிலத்தையாவது திருப்பித் தர முடிந்தது. மனையாகி, கடைக்கால் தோண்டி, கான்கிரீட் போட்டுவிட்ட முந்திரிக் காட்டை எந்த அரசாணையாலும் மீட்க முடியாது.

அலங்கார அன்னை ஆலயத்தைச் சுற்றி வளர்ந்த வரதராஜன்பேட்டை பெரிய ஊர் அல்ல. ஏரி, ஓடை, வண்டிப்பாதை, தோப்பு, குடியிருப்பு எல்லாவற்றையும் சர்வே எண்ணோடு ஒரே வரைபடத்தில் குறிப்பது இங்கே எளிது. வருவாய்த் துறையை வைத்து அதை முடித்து, பேரூராட்சி அலுவலகச் சுவரில் எல்லாரும் பார்க்கும்படி மாட்ட வேண்டும். மனைப்பிரிவு விண்ணப்பம் வந்ததும் அதன் சர்வே எண்களையும் வரைபடத்தையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டி, ஆட்சேபணை சொல்ல மக்களுக்கு அவகாசம் தர வேண்டும். பூங்கா இடத்தை அளந்து, வேலி போட்டு, தானப் பத்திரத்தைப் பதிவு செய்து கையில் வாங்கும் வரை இறுதி அனுமதி தருவதில்லை என்று மன்றம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், வரதராஜன்பேட்டை மூன்றையும் சேர்த்து ஒரு முழுமைத் திட்டத்துக்கு மாவட்ட ஆட்சியர் அரசுக்குப் பரிந்துரை அனுப்ப வேண்டும். அதுவரை ஓடையை ஒட்டிய நிலங்களில் புதிய மனைப்பிரிவு எதற்கும் அனுமதி கூடாது.