ஒளிக்க ஒன்றுமில்லை என்கிறீர்களா?



போன கிழமை பெற்றார் கூட்டத்தில் போன் பாவனை பற்றிப் பேசினோம். நமது படங்களைக் கம்பனிகள் மென்பொருள் வைத்து அலசிப் பார்க்கின்றன என்று சொன்னதும் பின்வரிசையில் ஒரு நாநா எழும்பினார். "பார்க்கட்டுமே சேர். எங்கட போன்ல ஒளிக்க என்ன இருக்கு? களவு செஞ்சவன்தானே பயப்படணும்?" பாதிப் பேர் தலையாட்டினார்கள். மஃரிபுக்கு நேரமாகிவிட்டதால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறோம்.

நாநா, 2019 ஏப்ரலை மறந்துவிட்டீர்களா? உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடித்த பிறகு வந்த ராத்திரிகளில் நாம் என்ன செய்தோம்? அரபு எழுத்துள்ள படங்கள், பயான் ஓடியோக்கள், உம்ரா போன படங்கள் என்று போனில் கிடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்தோம். குற்றம் செய்தா அழித்தோம்? வந்து பார்க்கிறவருக்கு அது என்னவென்று வாசிக்கத் தெரியாது என்பதால் அழித்தோம். ஹஸலகையில் ஒரு பெண்ணின் உடுப்பில் இருந்த கப்பல் சுக்கானைத் தர்மச்சக்கரம் என்று சொல்லி அவரை இரண்டு கிழமைக்கு மேல் உள்ளே வைத்தார்கள். 2020 மே மாதத்தில் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீமைப் பிடித்தார்கள். நம்மைப் போல ஓர் ஆசிரியர். தீவிரவாதத்துக்கு எதிராகப் பேசிய தமிழ்க் கவிதைகளையே தீவிரவாதம் என்றார்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் தடுப்பில் கிடந்து 2021 டிசம்பரில் பிணையில் வந்தார். விடுதலைத் தீர்ப்பு வர 2023 டிசம்பர் ஆனது. அவர் எதை ஒளித்தார்? புத்தகமாக அச்சடித்து வெளியிட்டவர் அல்லவா!

பார்க்கிறவன் யார், அவனுக்கு வாசிக்கத் தெரியுமா, பிழையாக வாசித்தால் யாரிடம் போய் முறையிடுவது? நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.

மெஷின் பிழையாக வாசித்த கதை ஒன்று. 2021 பெப்ரவரி, கொரோனா காலம், சான்பிரான்சிஸ்கோ. ஒரு தகப்பனின் சின்ன மகனுக்கு மறைவிடத்தில் வீக்கம். வைத்தியர் பார்க்கப் படம் அனுப்புங்கள் என்று தாதி சொன்னார். தகப்பன் போனில் எடுத்தார். படம் தானாகவே கூகுளில் சேமிப்பாகிவிட்டது. அங்குள்ள மென்பொருள் அதைச் சிறுவர் துஷ்பிரயோகப் படம் என்று முடிவுகட்டியது. இரண்டு நாளில் கணக்குப் பூட்டு. ஈமெயில், குடும்பப் படங்கள், தொடர்பு இலக்கங்கள், கூகுளிடம் எடுத்திருந்த போன் நம்பர் எல்லாம் போயிற்று. விசாரித்த பொலிஸ் அதிகாரி அவரைத் தொடர்புகொள்ளப் பார்த்தால் நம்பரும் வேலை செய்யவில்லை, ஈமெயிலும் இல்லை. கடைசியில் குற்றம் எதுவும் இல்லை என்று பொலிஸே எழுதிக் கொடுத்தது. அந்த அறிக்கையைக் காட்டியும் கணக்குத் திரும்பவில்லை. 2022 ஆகஸ்டில் நியூயோர்க் டைம்ஸ் இதை வெளியிட்ட பிறகும் கம்பனி தன் முடிவை மாற்றவில்லை.

பொலிஸ் நிலையத்துக்கு ஒரு சட்டத்தரணியைக் கூட்டிக்கொண்டு போகலாம். கம்பனிக்கு யாரைக் கூட்டிக்கொண்டு போவது?

நமது வீடுகளை நினைத்துப் பாருங்கள். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது எடுத்து, கட்டாரில் இருக்கிற வாப்பாவுக்கு அனுப்பிய படம். தோலில் கொப்புளம் என்று டாக்டருக்கு அனுப்பிய படம். வீட்டுக்குள் பர்தா இல்லாமல் ராத்தாமார் சேர்ந்து எடுத்த படம். ஒளிக்க ஒன்றுமில்லை என்று சொன்னவர் இந்தப் படங்களைச் சந்தியில் ஒட்டச் சம்மதிப்பாரா?

கூகுள் பார்த்தது தன் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்த படத்தை. 2021 ஆகஸ்டில் அப்பிள் இன்னும் ஒரு படி உள்ளே வரப் பார்த்தது. ஐகிளவுட்டுக்குப் போகும் படங்களை, போவதற்கு முன் ஐபோனுக்குள்ளேயே வைத்து ஒப்பிடுவோம் என்றது. படத்துக்குக் கைரேகை மாதிரி ஓர் இலக்கம். அது துஷ்பிரயோகப் படங்களின் பட்டியலோடு பொருந்துகிறதா என்று போனே பார்க்கும். சுமார் 30 படம் பொருந்தினால் கம்பனி ஆள் பார்ப்பார். ஒரு கணக்கு பிழையாக மாட்டும் வாய்ப்பு வருடத்துக்கு ஒரு இலட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவாம். இரண்டு கிழமை முழுசாகப் போகவில்லை, சம்பந்தமே இல்லாத இரண்டு படங்களுக்கு அந்த மென்பொருள் ஒரே இலக்கம் கொடுப்பதை ஆராய்ச்சியாளர்கள் காட்டிவிட்டார்கள். உலகம் முழுக்க எதிர்ப்பு. செப்டெம்பரில் ஒத்திவைத்தார்கள், 2022 டிசம்பரில் கைவிட்டார்கள். எதிர்த்ததால் நின்றது, நாநா. "பார்க்கட்டுமே" என்று எல்லோரும் இருந்திருந்தால் நின்றிருக்காது.

ஆனால் யோசனை சாகவில்லை. ஐரோப்பாவில் இதே மாதிரிச் சோதனையைச் சட்டமாக்கும் பிரேரணை 2022இல் வந்து இழுபட்டது. பட்டியலை ஒப்பிடும் கருவி போனுக்குள் ஒருதரம் வந்துவிட்டால் பட்டியலில் எதையும் சேர்க்கலாம். எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்க ஆணைக்குழு வைக்கும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024இல் வந்த நாட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறோம்.

அப்படியென்றால் சிறுவர் துஷ்பிரயோகம் சின்ன விஷயமா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. வகுப்பறையில் நிற்கிற நமக்கு அது தெரியும். சந்தேகம் இருந்தால் நீதிமன்ற உத்தரவோடு அந்த ஆளின் போனைச் சோதியுங்கள், நாமே கூட வருவோம். ஆனால் குற்றவாளி பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவன். அவனைக் குடும்ப மானம் என்று மூடி மறைப்பது நாம்தானே? 1929க்கு ஒரு கோல் எடுக்கத் தயங்குகிற ஊர், அந்த வேலையைக் கம்பனி செய்யட்டும் என்கிறது.

உமர் (ரலி) சுவரேறிக் குதித்து ஒருவரைக் கையும் களவுமாகப் பிடித்த சம்பவம் குத்பாக்களில் கேட்டதுதான். பிடிபட்டவர் தன் குற்றத்தை ஒத்துக்கொண்டு, துருவிப் பார்த்தது, வாசலால் வராதது, அனுமதி கேட்காதது என்று கலீஃபாவின் பிழைகளை எண்ணிக் காட்டினார். கலீஃபா திரும்பிப் போனார். அந்தச் சம்பவத்துக்கு ஸுப்ஹானல்லாஹ் சொல்லிவிட்டு வந்து, எல்லா அனுமதிக்கும் "ஓகே" அமத்துகிறோம். மனைவியின் போனைத் திருட்டுத்தனமாகத் திறந்து பார்க்கிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு பாடசாலைக் கம்ப்யூட்டர் அறை திறந்திருக்கும். போனைக் கொண்டு வாருங்கள். படங்கள் தானாக மேலே போவதை நிறுத்துவது, வட்ஸ்அப் படங்கள் கெலரியில் விழாமல் செய்வது, எந்த அப்புக்கு எந்த அனுமதி என்று பார்ப்பது, இவற்றைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் காட்டித் தருவார்கள். சகோதரிகளுக்குப் பக்கத்து அறை, அங்கே டீச்சர்மார் இருப்பார்கள். அந்த நாநாவும் வரவேண்டும்.