சிற்றுலாவுக்கும் ஓர் ஐந்தொகை

குளிர்காலம் வந்துவிட்டால் நம் நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் சிற்றுலாப் பருவம் தொடங்கிவிடுகிறது. மேற்கு வங்காளத்தில் டிசம்பர், ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றங்கரைகளில் இடம் கிடைப்பதே அரிது. அலுவலகத்தார், குடியிருப்போர் சங்கத்தார், பழைய மாணவர்கள் என்று குழுக் குழுவாக வந்து, அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்து, உண்டு மகிழ்ந்து மாலையில் திரும்புகின்றனர். தென்னாட்டின் அருவிக்கரைகளும் அணைக்கட்டுப் பூங்காக்களும் கோடை விடுமுறையில் இதே காட்சியைக் காண்கின்றன. பேருந்துகள் புறப்பட்டபின் அவ்விடங்களில் எஞ்சுவதும் ஏறத்தாழ ஒன்றே: தட்டுகள், குவளைகள், தண்ணீர்ப் புட்டிகள், நொறுக்குத்தீனிப் பொட்டலங்கள்.

இதைக் காணும்போது மக்களின் பொறுப்பின்மையை நொந்துகொள்வது நம் வழக்கம். ஆனால் சற்று ஆழ்ந்து எண்ணினால், குப்பை ஆற்றங்கரையில் உண்டாவதில்லை என்பது விளங்கும். ஒரு வாரத்துக்கு முன்னர் எழுதப்படும் கடைப்பட்டியலிலேயே அது உண்டாகிவிடுகிறது. நூறு காகிதக் குவளைகளுக்குப் பணம் கொடுத்த அன்றே நூறு குப்பைகளை நாம் வாங்கிவிட்டோம். அவை தொட்டியில் விழுமா, மணலில் விழுமா என்பது மட்டுமே பின்னர் முடிவாகிறது.

சட்டம் தன் பங்கைச் செய்திருக்கிறது. 2021-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டு, குவளை, கரண்டி, உறிஞ்சுகுழல் முதலியவை 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளன. எனினும் தண்ணீர்ப் புட்டியும் சிப்ஸ் பொட்டலமும் அத்தடைப் பட்டியலில் இல்லை. தடைக்கு மாற்றாக வந்த காகிதக் குவளையின் உட்புறத்திலோ, நீர் ஊறாதிருக்கும் பொருட்டுப் பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் பூசப்பட்டிருக்கிறது. ஆகவே பொருளை மாற்றினால் மட்டும் போதாது. கணக்கிடும் முறையை மாற்ற வேண்டும் என்பதே நமது கருத்து.

எறியும் பொருள் மலிவானது என்று எண்ணுகிறோம். உண்மையில் அதன் விலையில் ஒரு பகுதியை மட்டுமே நாம் செலுத்துகிறோம். எஞ்சியதை அவ்விடத்து ஊராட்சியும், மறுநாள் காலையில் குனிந்து பொறுக்கும் தூய்மைப் பணியாளரும், உணவு ஒட்டிய பையை விழுங்கும் மாடும் செலுத்துகின்றனர். பிறர் பெயரில் பற்று எழுதிவிட்டு நம் செலவு குறைந்தது என மகிழ்வது நேரிய கணக்காகாது.

இதற்குத் தீர்வு வங்கி வாடிக்கையாளர்கள் நன்கறிந்த ஒரு சொல்லில் இருக்கிறது: வைப்புத்தொகை. இருபது லிட்டர் தண்ணீர் கேனை எவரும் ஆற்றங்கரையில் விட்டு வருவதில்லை. அதற்கு முன்பணம் கட்டியிருக்கிறோம். கேனைத் திருப்பினால்தான் பணம் திரும்பும். கேதார்நாத்தில் 2022-ஆம் ஆண்டில் இம்முறையே புகுத்தப்பட்டது. தண்ணீர்ப் புட்டியின் விலையோடு பத்து ரூபாய் கூடுதலாகப் பெற்று, வெறும் புட்டியைத் திருப்பியதும் அத்தொகையைத் திருப்பித் தந்தனர். காட்டில் வீசப்படும் மதுப்புட்டிகள் யானை முதலிய விலங்குகளின் கால்களைக் கிழிப்பதைத் தடுக்க, சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலால் அதே ஆண்டில் நீலகிரியிலும் பத்து ரூபாய் முறை நடைமுறைக்கு வந்தது. மதிப்புள்ள பொருள் திரும்பி வரும். மதிப்பற்றது அங்கேயே கிடக்கும்.

ஆகவே சிற்றுலாவைத் திட்டமிடுவோர் ஒவ்வொரு பொருளின் எதிரிலும் ஒரு கேள்வியை எழுதட்டும்: இது திரும்பி வருமா? ஐம்பது பேர் செல்வதாகவும், ஒருவருக்கு இரண்டு லிட்டர் நீர் வேண்டும் எனவும் கொள்வோம். நூறு புட்டிகளுக்குப் பதில் ஐந்து கேன்களும் அவரவர் கொண்டுவரும் ஒரு குவளையும் போதும். நொறுக்குத்தீனியைச் சிறு பொட்டலங்களாக வாங்காமல், பலகாரக் கடைக்குத் தூக்கும் டப்பாவும் கொண்டு சென்று எடைக்கு வாங்கலாம். தலைகளை எண்ணிச் சமைத்தால் மீந்த சோறும் இராது.

தட்டுகளின் கணக்கையும் பார்ப்போம். எவர்சில்வர் தட்டும் குவளையும் சேர்ந்து 150 ரூபாய் எனில் ஐம்பது பேருக்கு 7,500 ரூபாய். எறியும் தட்டும் குவளைகளும் ஒருவருக்கு 15 ரூபாய் எனில் ஒரு பயணத்துக்கு 750 ரூபாய். பத்தே பயணங்களில் இரண்டும் சமமாகிவிடும். முன்னது முதலினச் செலவு, பல்லாண்டு உழைக்கும், எடைக்குப் போட்டாலும் எஞ்சு மதிப்பு உண்டு. ஒரு குடும்பத்துக்கு இது பெருஞ்செலவாகலாம். ஒரு குடியிருப்போர் சங்கத்துக்கு அன்று. பெங்களூரு, குருகிராம், இந்தூர் போன்ற நகரங்களில் விழாக்களுக்குப் பாத்திரங்களை இரவல் தரும் ‘பாத்திர வங்கிகள்’ தொடங்கப்பட்டுள்ளன. நம் குடியிருப்பிலும் அலுவலகத்திலும் அத்தகைய ஒன்றைத் தொடங்க ஒரு பெட்டியும் ஒரு பதிவேடும் போதுமானவை.

பாத்திரம் இயலாத இடத்தில் இலை இருக்கிறது. வங்காளத்தின் பாங்குரா, புருலியா, ஜார்கிராம் வட்டாரங்களில் சால் இலைகளைத் தைத்துத் தட்டாக்குவது வனத்தை ஒட்டி வாழும் பெண்கள் பலரின் வாழ்வாதாரம். தமிழகத்தில் வாழை இலையும் மந்தாரை இலையும் உள்ளன. அவற்றுக்கு நாம் கொடுக்கும் பணம் ஓர் உழைப்பாளியைச் சேர்கிறது. இலையோ மண்ணைச் சேர்கிறது. இலைத்தட்டின் மேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டப்படவில்லை என்பதை மட்டும் பார்த்து வாங்க வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. பாத்திரங்களை யார் கழுவுவது? எறியும் தட்டு நம் இல்லங்களில் நுழைந்ததற்கு, விழா நாளிலும் பெண்களே பாத்திரம் துலக்க நேர்ந்ததும் ஒரு காரணம் என்பதை மறக்கலாகாது. குப்பையைக் குறைக்கிறோம் என்று அவ்வுழைப்பை மீண்டும் அவர்கள் தலையில் ஏற்றினால், அதுவும் பிறர் பெயரில் எழுதிய பற்றே. எனவே அவரவர் தட்டை அவரவரே வழித்துத் துடைத்து, மூடியுள்ள ஒரு பெரிய பாத்திரத்தில் அடுக்க வேண்டும். ஆற்றில் சோப்பு கலக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, அவரவர் தட்டை அவரவரே கழுவ வேண்டும். ஆடவரும் சிறுவரும் இதற்கு விலக்கல்லர். இது முன்கூட்டியே பேசி முடிவு செய்யப்படாவிடில், அடுத்த சிற்றுலாவில் காகிதத் தட்டு திரும்பிவிடும். அதற்கு யாரையும் குறை கூற இயலாது.

வாடிக்கையாளர் பெருமக்கள் அடுத்த சிற்றுலாவுக்கு நாள் குறிக்கும்போதே, பொருள்களின் பட்டியலையும் கழுவுவோரின் பட்டியலையும் ஒருங்கே எழுத வேண்டுகிறோம். புறப்படும்போது ஐம்பது தட்டுகள் பற்று. திரும்பும்போது ஐம்பது தட்டுகள் வரவு. இரு பக்கமும் சமமானால்தான் பேருந்து கிளம்பலாம்.