ஸ்கேன் படம் யாருக்குச் சொந்தம்?

காசு கொடுத்து ஸ்கேன் எடுப்பவர் நோயாளி. ஆனால் அந்தப் படம் அவர் கைக்கு முழுசாக வருகிறதா? இல்லை!

பெரிய கவர் ஒன்றைக் கொடுக்கிறார்கள். பஸ் நெரிசலில் அது கசங்காமல் காப்பாற்றி அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போனால், "இது சரிப்படாதுங்க, இங்கேயே புதுசா எடுத்துடுங்க" என்கிறார்கள். சி.டி. கொடுத்திருந்தால், "இங்கே திறக்கலையே" என்று பதில்!

மறுபடியும் பணம். மறுபடியும் கதிர்வீச்சு. ஒரு சி.டி. ஸ்கேனில் உடம்பில் ஏறும் கதிர்வீச்சு, சாதாரண மார்பு எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு அதிகம்.

நோய் முற்றியிருந்தால் டாக்டர் மறுபடி எடுக்கச் சொல்வது நியாயம்தான். முந்தாநாள் எடுத்த படம் திறக்கவில்லை என்று எடுக்கச் சொல்வது என்ன நியாயம்?

ஒரே பாஷை!

மெஷின் மேல் பழி போட முடியாது. ஒவ்வொரு கம்பெனி மெஷினும் தனி பாஷை பேசிய காலம் மலையேறிவிட்டது. 1983-ல் அமெரிக்காவில் எக்ஸ்ரே டாக்டர்களும் மெஷின் தயாரிப்பாளர்களும் சேர்ந்து குழு அமைத்தார்கள். 1985-ல் முதல் விதிமுறை வந்தது. 1993-ல் அது 'டைகாம்' ஆனது. இன்று உலகம் முழுக்க அதே பாஷைதான். மத்திய அரசு 2016-ல் வெளியிட்ட மருத்துவப் பதிவேட்டு விதிமுறையும் அதைத்தான் சொல்கிறது.

ஒரு சி.டி. ஸ்கேனில் நூற்றுக்கணக்கான படங்கள் உண்டு. பிலிமில் அச்சாவது அதில் கொஞ்சம்தான். டைகாம் படமாக இருந்தால், நுரையீரலுக்கு ஒரு மாதிரி, எலும்புக்கு ஒரு மாதிரி என்று டாக்டர் கம்ப்யூட்டரில் மாற்றிப் பார்க்கலாம். பிலிமை செல்போனில் பிடித்து வாட்ஸ்-அப்பில் அனுப்பினால் அந்த வசதியெல்லாம் போச்சு!

72 மணி நேரம்

2002-ம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் பதிவேடுகளை 3 ஆண்டு காக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். எத்தனை பேருக்கு இது தெரியும்?

பூட்டும் வேண்டும்

கம்ப்யூட்டரில் போட்டு வைத்தால் மட்டும் போதாது. 2019-ல் ஜெர்மனி நிறுவனம் ஒன்று தேடிப் பார்த்தபோது, பல நாடுகளில் 2 கோடிக்கும் மேற்பட்ட நோயாளிப் பதிவுகள் பூட்டே இல்லாமல் இன்டர்நெட்டில் திறந்து கிடந்தன. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் கம்ப்யூட்டர்கள் தாக்கப்பட்டு, பல நாட்கள் கையால் எழுதிச் சமாளித்தார்கள்.

அதற்காகப் படத்தையே கொடுக்காமல் இருப்பதா? திருடனுக்குப் பயந்து கடையையே மூடுவார்களா?

ஆஸ்பத்திரிகள் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. ரிப்போர்ட்டுடன் முழு டைகாம் காப்பியும் கொடுக்கட்டும். ரகசிய எண் போட்டு, அடுத்த டாக்டர் நேராகப் பார்க்க வழி செய்யட்டும். பில்லிலேயே அதை எழுதட்டும்.

ஸ்கேன் எடுத்தவர்களும் வெறும் கவரோடு திரும்ப வேண்டாம். "டைகாம் காப்பி குடுங்க" என்று கேட்டு வாங்கட்டும். உடம்பும் அவருடையது, பணமும் அவருடையது. படம் மட்டும் வேறு யாருடையது?