ஃபார்மேட் போட்டா சரியாயிடுமா?

"சிஸ்டம் ஸ்லோவா இருக்கா? வைரஸ் தான் சார். ஃபார்மேட் போட்டுடலாம்!"

மதுரை மாசி வீதிக் கடைகளில் இருந்து மேலூர், திருமங்கலம் வரைக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் ஆட்கள் பலரும் தரும் ஒரே மருந்து இது தான். தலைவலிக்கும் ஊசி, கால்வலிக்கும் ஊசி!

சரி, ஃபார்மேட் முடிந்ததும் என்ன நடக்கிறது? சட்டைப் பையில் இருந்து அதே பழைய பென் டிரைவ் வெளியே வரும். கிராக் செய்த விண்டோஸ், கிராக் செய்த டேலி. "இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்ட்டிவைரஸை ஆஃப் செய்யவும்" என்று ஒரு குறிப்பு வேறு! ட்ரோஜன் தானாகப் பரவுவது இல்லை. நல்ல மென்பொருள் வேஷத்தில் வரும், யாராவது கிளிக் செய்து உள்ளே விட வேண்டும். அந்த வேலையைக் காசு வாங்கிக்கொண்டு செய்து தருகிறார்கள்.

ஸ்லோ ஆனால் தான் ட்ரோஜன் என்பதும் தப்பு. திருட வந்தவன் சத்தம் போடுவானா? 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில், நிர்வாக வேலைக்கான இன்டர்நெட் நெட்வொர்க்கில் இருந்த ஒரு பி.சி.யில் மால்வேர். செப்டம்பர் 4-ல் அதைக் கவனித்துச் சொன்னது செர்ட்-இன். அக்டோபர் 29-ல் நிலையம் சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை என்றது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் மால்வேர் இருந்தது உண்மை தான், உலை சார்ந்த நெட்வொர்க் தனி என்றது. செய்திகளில் அடிபட்ட பெயர் டிடிராக். கீபோர்டில் தட்டுவதையெல்லாம் பதிவு செய்யும் உளவாளி அது. அங்கேயே இந்தக் கதை என்றால், மளிகைக் கடை பி.சி. எம்மாத்திரம்?

செய்ய வேண்டியது இவ்வளவு தான். முதலில் இன்டர்நெட்டைத் துண்டிக்க வேண்டும். விண்டோஸ் 10, 11-ல் இருக்கும் டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்ட வேண்டும். விண்டோஸ் எழும் முன்பே அது தேடுவதால் ட்ரோஜன் ஒளிந்துகொள்வது கஷ்டம். அப்படியும் போகவில்லையா? கணக்கு ஃபைல்களை மட்டும் பேக்கப் எடுத்துவிட்டு ஃபார்மேட் போடலாம். ஆனால் விண்டோஸை வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரில், மைக்ரோசாஃப்ட் தளத்தில் இருந்தே இறக்க வேண்டும். பிறகு பேங்க், மெயில் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். இதைத் தான் யாரும் செய்வதில்லை! திருடு போன சாவி ஃபார்மேட் போட்டால் திரும்பி வராது. பணமே போயிருந்தால் உடனே 1930-க்கு போன்.

"ஒரிஜினலுக்குக் காசு?" என்பார்கள். படிக்கிறவர்களுக்கு டேலியிலேயே இலவச எஜுகேஷன் மோடு இருக்கிறது. லிப்ரே ஆபீஸ் இலவசம். லினக்ஸ் இலவசம்.

அடுத்த முறை "ஃபார்மேட்" என்று யாராவது வந்தால், அந்தப் பென் டிரைவில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பதில் சொல்லாதவர் கையில் கடைக் கணக்கைக் கொடுக்காதீர்கள்!