ஊமை முள்ளும் பொய் முள்ளும்

(இளங்கலை இயற்பியல், மூன்றாமாண்டு)

திருச்சியிலிருந்து மணப்பாறை, வையம்பட்டி வழியாகத் திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் இன்றும் எப்போதாவது ஓர் அம்பாசிடரோ, ஒரு பத்மினியோ நம்மைக் கடந்து செல்வதைக் காணலாம். 1958-இல் வெளிவரத் தொடங்கிய அம்பாசிடரின் உற்பத்தி 2014-இல் உத்தரபாராவில் நின்றுவிட்டது. பத்மினியோ அதற்கும் முன்பே விடைபெற்றுக் கொண்டது. ஆனால் பிறந்த ஆலை மூடப்பட்ட பின்னும் இவ்வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்த உழைப்புக்கு நம் வணக்கம் உரியது.

ஆனால் அவற்றில் ஏறி அமர்ந்தவுடன் டாஷ்போர்டைச் சற்று நோக்குங்கள். வேகம் காட்டும் முள் பல வண்டிகளில் சுழியத்தில் உறங்கிக் கொண்டிருக்கும்; அல்லது நாற்பதுக்கும் எழுபதுக்கும் இடையே ஊஞ்சலாடிக் கொண்டிருக்கும். ஓட்டுநரைக் கேட்டால், "அது எதுக்குத் தம்பி? எஞ்சின் சத்தத்திலேயே வேகம் தெரிஞ்சிடும்" என்பார். இந்த விடையை நாம் ஏற்கலாமா? ஏற்கக் கூடாது என்பதும், பழுதை ஆராயாமலே மீட்டரை மாற்றும் வழக்கமும் தவறு என்பதுமே இக்கட்டுரையின் கருத்து.

காது ஏன் போதாது?

நெடுநேரம் விரைந்து சென்றவனுக்கு வேகம் பழகிப் போகிறது. எண்பதில் அரைமணி நேரம் ஓட்டியவன் அறுபதுக்கு இறங்கியதும், வண்டி ஊர்வதாகவே எண்ணுகிறான். அந்த 'ஊரும்' வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது! வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். பிரேக்கை அழுத்திய பின் வண்டி ஓடி நிற்கும் தூரமும் ஏறக்குறைய நான்கு மடங்காகும். நாற்கரச் சாலை வந்த பிறகு வையம்பட்டி போன்ற ஊர்களில் சாலையைக் கடக்கும் முதியவருக்கும், ஆடு ஓட்டி வரும் சிறுவனுக்கும் இந்தக் கணக்கு உயிர்க்கணக்கு அன்றோ?

முள் எவ்வாறு நகர்கிறது?

பழைய கார்களின் வேகமானியில் மின்சுற்று எதுவும் இல்லை. கியர்பாக்சின் பின்பகுதியில் ஒரு சிறு பல்சக்கரம் உள்ளது. சக்கரங்கள் உருளும்போது அதுவும் சுழலும். அதிலிருந்து ஒரு கேபிள் டாஷ்போர்டு வரை வருகிறது. வெளியே உறை, உள்ளே முறுக்கிய எஃகுக் கம்பி. அக்கம்பி சுழன்று மீட்டருக்குள் இருக்கும் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைத் தொடாமல் அதன்மேல் கவிழ்ந்திருப்பது ஓர் அலுமினியக் கிண்ணம். முள் அக்கிண்ணத்தோடு இணைந்தது.

தொடாத பொருளைக் காந்தம் எங்ஙனம் இழுக்கிறது? சுழலும் உலோகத் தட்டுக்கும் காந்தத்துக்கும் இடையே உள்ள இவ்விந்தையை 1824-இல் அரகோ கண்டார். 1831-இல் ஃபாரடே மின்காந்தத் தூண்டல் வழியே காரணம் கூறினார். கிண்ணத்தில் எழும் சுழல் மின்னோட்டமே அதனைத் திருப்புகிறது. ஒரு மெல்லிய சுருள்வில் அதைத் திரும்ப இழுக்கிறது. இவ்விரு விசைகளும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. இவ்வகை வேகமானிக்கு 1902-இல் காப்புரிமை பெற்றவர் ஜெர்மானியரான ஓட்டோ ஷூல்ட்சே. ஓடிய தூரத்தைக் காட்டும் எண்களோ காந்தத்தை நம்பியவை அல்ல. அதே கேபிளின் சுழற்சியைப் பல்சக்கரங்கள் வழியே நேராக எண்ணுபவை.

ஒரு கேபிள், இரு வேலைகள் - இந்த ஒன்றை மறவாதிருந்தால் பழுதைப் பாதி கண்டுபிடித்தவர் ஆவோம்.

நோய் எங்கே?

முள்ளும் எண்களும் ஒருசேர நின்றுவிட்டனவா? அப்படியானால் இரண்டுக்கும் பொதுவான கேபிளையோ அதன் பல்சக்கரத்தையோதான் முதலில் ஐயுற வேண்டும். மீட்டரின் பின்புறத் திருகைக் கழற்றிக் கேபிள் முனையை வெளியே எடுங்கள். எஞ்சினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, சமதரையில் இருவர் வண்டியை மெல்லத் தள்ளட்டும். முனை சுழன்றால் கேபிள் நலம், குற்றம் மீட்டரில். சுழலாவிட்டால் உள்கம்பியை உருவிப் பாருங்கள். அறுந்திருந்தால் விடை கிடைத்துவிட்டது. முழுதாக இருந்தால், அதன் சதுர முனைகள் தேய்ந்து மழுங்கியுள்ளனவா என்று நோக்குங்கள். அவையும் சரியெனில் கியர்பாக்சில் உள்ள பல்சக்கரத்தை ஆராய வேண்டும்.

எண்கள் ஓடுகின்றன, முள் மட்டும் நிற்கிறது என்றால் கேபிளின்மேல் பழி சொல்லாதீர்கள். கிண்ணமோ, அச்சோ, சுருள்வில்லோ பழுதாகியிருக்கும். முள் நகர்கிறது, எண்கள் நிற்கின்றன என்றால் எண்களை நகர்த்தும் பல்சக்கரங்களில் பற்கள் போயிருக்கும்.

முள் ஆடுகிறதா? பெரும்பாலும் கேபிள் உலர்ந்திருக்கும். அல்லது எங்கேனும் மடங்கி நெருக்குண்டிருக்கும். உள்கம்பியைத் துடைத்து, கிரீஸை மெல்லிய பூச்சாக இட்டு, உறையைக் கூரிய வளைவின்றி அமைத்தால் முள் அடங்கும். ஆனால் மீட்டரை ஒட்டிய நுனிப் பகுதியில் கிரீஸ் இடலாகாது. அது மேலேறிக் காந்தத்தையும் கிண்ணத்தையும் ஒட்டச் செய்துவிடும். பிறகு வண்டி முப்பதில் போக, முள் நூற்றைத் தாண்டி நிற்கும்! நல்ல மருந்தும் அளவு மீறினால் நஞ்சாவது இதுதான்.

பொய் சொல்லும் முள்

செத்த முள்ளைவிடப் பொய் சொல்லும் முள்ளே கொடியது. ஊமையை நம்பி யாரும் வழி கேட்பதில்லை. பொய்யனை நம்பித்தான் கேட்டுக் கெடுகிறோம். இப்பொய்யைப் பிடிக்க ஒரு கைக்கடிகாரமும் சாலையோரக் கிலோமீட்டர் கற்களும் போதும். போக்குவரத்துக் குறைந்த வேளையில், முள் 60-இல் நிலையாக நிற்குமாறு ஒருவர் ஓட்ட, அருகிலிருப்பவர் நேரம் குறிக்கட்டும். 3600-ஐ ஒரு கிலோமீட்டருக்கு ஆன விநாடிகளால் வகுத்தால் உண்மை வேகம் வந்துவிடும். 60 விநாடி எனில் முள் மெய் சொல்கிறது. 72 விநாடி எனில் உண்மை வேகம் 50தான். 45 விநாடி எனில் வண்டி 80-இல் பறக்கிறது. முள் நம்மை ஏமாற்றுகிறது.

இன்று கைப்பேசியும் வேகத்தைச் சொல்லிவிடும். ஆனால் பொய்யின் இருப்பிடத்தை அது சொல்லாது. அதற்கும் வழி உண்டு. அடுத்தடுத்த கற்களைக் கொண்டு பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, தூர எண்களையும் ஒப்பிடுங்கள். எண்கள் பத்து என்றே காட்டினால் பல்சக்கரமும் டயரும் சரி. முள்ளின் குற்றம் மீட்டருக்குள்ளே. காந்தம் வலுவிழந்தால் முள் குறைத்துக் காட்டும். சுருள்வில் தளர்ந்தால் கூட்டிக் காட்டும். முள்ளும் எண்களும் ஒரே விகிதத்தில் பிழைத்தால் டயரின் அளவையும் பல்சக்கரத்தின் பற்களையும் பாருங்கள். பெரிய டயர் குறைத்துக் காட்டும். சிறிய டயரும் தேய்ந்த டயரும் கூட்டிக் காட்டும். மிகப் பழைய வண்டியாயின் முகப்பில் இருப்பது மைலா கிலோமீட்டரா என்பதையும் நோக்குக. மைல் கணக்கில் அறுபது என்பது ஏறத்தாழ 96 கிலோமீட்டர்!

இவ்வளவு எளிய சோதனைகள் இருக்க, முள் நின்றதும் மீட்டரையே கழற்றி, பழைய சாமான் கடையில் கிடைத்த வேறொரு மாடல் மீட்டரைப் பொருத்திவிடுகிறார்கள். கேபிள் இத்தனை சுற்றுச் சுற்றினால் இத்தனை தூரம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். சில மீட்டர்களின் முகப்பில் அந்த எண் சிறிய எழுத்தில் அச்சாகியும் இருக்கும். அதைப் பாராமல் மாற்றினால் ஊமைக்குப் பதிலாக ஒரு பொய்யனைக் குடியமர்த்தியவர்கள் ஆவோம். அறுந்தது கேபிளாக இருந்தால், புதிய மீட்டருக்குக் கொடுத்த பணமும் வீண்.

சட்டமும் நாணயமும்

வேகங்காட்டும் கருவி அழகுப் பொருள் அன்று. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் அதற்கெனவே 117-ஆம் விதி உள்ளது. தனியார் கார் பதினைந்து ஆண்டுகள் கடந்தால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். அந்நாளில் மட்டும் முள் உயிர்பெற்றால் போதுமா?

தூர எண்களில் பிறர் பணமும் அடங்கியிருக்கிறது. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாடகை பேசி மணப்பாறையிலிருந்து திருவரங்கம் செல்லும் குடும்பம் அந்த எண்களைத்தான் நம்புகிறது. பத்துக்குப் பன்னிரண்டு காட்டும் மீட்டர், எடைக்கல்லில் குறைப்பதற்கு எவ்வகையில் வேறு? கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டி, 'குறைவாக ஓடிய வண்டி' என்று விற்பதும் அதே குற்றமே.

நாம் செய்யத்தக்கது

சுழல் மின்னோட்டத்தைத் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிறோம். ஆனால் அது நாள்தோறும் நம் கண்முன் ஒரு முள்ளை நகர்த்துவதை அறிவதில்லை. நம் ஊர்ப் பட்டறையில் உள்ள மெக்கானிக் அண்ணன் சூத்திரத்தை அறியார். ஆயினும் எது இயங்குகிறது, எது இயங்கவில்லை என்று பிரித்துப் பார்த்துக் காரணத்தை நெருங்கும் ஆராய்ச்சி முறையை அறிவார். இவ்விருவரும் சந்திக்க வேண்டாமா?

நம் இயற்பியல் துறையும் நாட்டு நலப்பணித் திட்டமும் இணைந்து ஆண்டுக்கு ஒரு நாள் வேகமானிச் சோதனை முகாம் நடத்தலாம். அனுபவம் மிக்க மெக்கானிக் ஒருவரை ஆசிரியராக அமர்த்துவோம். பழைய வண்டிகளின் கேபிளைப் பார்ப்போம். கற்களுக்கிடையே நேரம் குறிப்போம். ஒவ்வொரு வண்டிக்கும் பிழையின் அளவை எழுதிக் கொடுப்போம். செலவு சில குறிப்பேடுகளும் ஒரு டப்பா கிரீஸும்தான். பேராசிரியப் பெருமக்கள் இதனை ஆதரிக்க வேண்டுகிறேன்.

முள்ளைத் திருத்துவோம், அதன் சொல்லை மதித்து ஓட்டுவோம்.